ஏரிக்குள் கொடுத்த வீடு

நாம் குடியிருந்த பழைய தெரு வழியாக நேற்றுப் போனேன். தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை ஏறியதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தாரின் மேல் குற்றமில்லை. நம் அடுப்பு எங்கே இருந்தது, தறி எங்கே இருந்தது என்று தெரியாதபடி கறுப்பாக ஊற்றி மூடுகிறார்களே, அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நீ போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்களிடம் சொன்னால், "ரோடு வந்தா நல்லதுதானுங்களே?" என்று என்னையே கேட்கிறார்கள்.

ரோடு நல்லதுதான். வேண்டாம் என்று நாம் எப்போது சொன்னோம்?

அது அழகான தெரு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆட்டையாம்பட்டியிலிருந்து நீ கல்யாணமாகி வந்த அன்றைக்கே சொன்னாய்: "இந்தச் சந்துல ரெண்டு மாடு எதுத்தாப்புல வந்தா, ஒண்ணு நம்ம ஊட்டுக்குள்ளதான் வரோணும்." எங்கள் அம்மாவே சிரித்துவிட்டாள். நகரசபை ஒரு நாளும் அள்ளாத சாக்கடை வாசலிலேயே தேங்கிக் கிடக்கும். அதில் எலி பெருகியது. பிளேக் வந்தபோது ஊரோடு நாமும் காட்டில் ஓலைக் குடிசை போட்டுக் கிடந்துவிட்டுத் திரும்பினோம். திரும்பிய சூடு ஆறுவதற்குள் தண்டோரா போட்டார்கள். தெருவை இடிக்கப் போகிறார்களாம். ஜனங்களுடைய ஆரோக்கியத்துக்காகவாம்.

நகரசபைச் சேர்மனே நேரில் வந்தார். பெரிய வக்கீல், சரிகை அங்கவஸ்திரம். ஆண்களெல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றோம். "காத்தும் வெளிச்சமுமா புது வீடு கட்டித் தர்றோம். சந்தோஷமாப் போங்க" என்றார்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து நீ கேட்டாய்: "எங்கீங்க கட்டறீங்க?"

"ஏரிக்கரைக்கு இந்தண்டை."

"இந்தண்டைன்னா, ஏரிக்குள்ளாரங்களா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அந்த ஏரியிலே இப்போ தண்ணியே நிக்கறதில்லையம்மா" என்றார்.

"மழை பேஞ்சா நிக்குமுங்களே?"

அவர் பக்கத்திலிருந்த ஓவர்சியரிடம் வேறு ஏதோ பேசத் தொடங்கினார். அதே தெருக்கோடியில் மளிகை மண்டிகள் இருந்தன. நம் வீட்டில் இருந்ததைவிட அங்கேதான் எலி அதிகம். அவற்றில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடவில்லை. மண்டிக்காரர்கள் நகரசபையில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் நின்றுகொண்டிருந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடப்பாரையோடு ஆட்கள் வந்த அன்று என் தறியில் பாதிச் சேலை இருந்தது. நீ நிலைப்படியில் கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டாய். "எங்கூட்டுக்காரரு சேலைய நெய்து முடிச்சு, தறியிலருந்து அறுத்தப்புறம் ஓட்டுல கை வைங்க. அதுக்கு முன்னால வெச்சீங்கன்னா எம் மேலதான் ஓடு விழோணும்" என்றாய். அந்த ஆட்களும் நம்மைப் போன்றவர்கள்தானே. எதிர்ச் சுவர் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். நான் வாசலைப் பார்த்துப் பார்த்து அந்தச் சேலையை முடித்தேன். அப்படி ஒரு மோசமான சேலையை என் ஆயுசில் நெய்ததில்லை.

புது வீடுகள் வரிசை பிடித்து, நம்பர் போட்டு, பார்வைக்கு லட்சணமாக இருந்தன. உள்ளே போனால் ஒரே அறை. தறியை இறக்கியதும் அறை நிறைந்துவிட்டது. மனுஷர் படுக்க இடமில்லை. நெசவாளிக்கு வீடும் பட்டறையும் ஒன்றுதான் என்பது வரைபடம் போட்டவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம்மில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே? ஒரு கோழிக் கூண்டு வாங்கினால்கூடக் கோழியை அளவு பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? வெயில் காலம் முழுக்க வாசலில் படுத்தோம்.

அடுத்த ஐப்பசியில் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. காலையிலிருந்தே விடாத மழை. நான் தறிக்குழியில் காலை விட்டு மிதித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கால் சில்லென்றது. "புள்ளை தண்ணியக் கொட்டிட்டாளா பாரு" என்றேன். நீ வந்து குனிந்து குழியைப் பார்த்தாய். உன் முகம் மாறியது.

"யாரும் கொட்டலீங்க. தண்ணி அடியிலருந்து வருது."

மத்தியானத்துக்குள் முழங்கால் அளவு ஆகிவிட்டது. பாவு, ஊடைநூல், துணி எல்லாம் சேறு. எல்லாக் குடும்பமும் கரைமேல் ஏறி, நனைந்துகொண்டே டவுன் பக்கம் பார்த்து நின்றோம். நகரசபையிலிருந்து ஒருவராவது வருவார் என்று நினைத்தோம். ஒரு சேவகன்கூட வரவில்லை. நீ மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அரிசிப் பானையைத் தலையில் ஏற்றினாய்.

"வாங்க, போலாம்."

"எங்கே?" என்றேன்.

"நமக்கு ஊடு குடுத்தவங்க ஊட்டுக்கு."

முனிசிபல் ஆபீசு வாசலில் சேவகன் மறித்தான். "இது ஆபீசும்மா, சத்திரமில்லே" என்றான்.

"நாங்க இருக்கறதும் ஊடில்ல சாமி, ஏரி. தள்ளு" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய். உன் பின்னால் அத்தனை பேரும் போனோம். மீட்டிங் ஹாலில் நாற்காலி முதுகுகளில் ஈரச் சேலைகள் காய்ந்தன. யாருடைய குழந்தையோ சேர்மன் மேஜைக்கு அடியில் தூங்கியது. வராந்தாவில் மூன்று கல்லைக் கூட்டி நீ கஞ்சி காய்ச்சினாய்.

சேர்மன் வண்டியை விட்டு இறங்கும்போதே கத்தினார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்புடுங்க, வாரோம். ஜெயிலு ஒழுகாதுங்களே?" என்றாய். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாய். "இந்தாங்க. நீங்க கட்டுன ஊடுதானுங்க. பொண்டு புள்ளைங்களோட ஒரு நாள் போய்க் குடியிருந்துட்டு வாங்க. நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே எந்திரிச்சுப் போயிடறோம்."

அவர் சாவியை வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "உன் பெண்டாட்டியை அடக்கய்யா" என்றார்.

"அவ சொல்றது நெசந்தானுங்க" என்றேன். உன்னைப் போல நீளமாகப் பேச எனக்கு வராது. ஆனால் அதைச் சொன்ன பிறகு நீ என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்காக இன்னும் நூறு சேர்மன்களிடம் சொல்லியிருப்பேன்.

வெள்ளைக்காரக் கலெக்டர் முகாம் வரப் போகிறார் என்றதும், நாம் ஆபீசில் கிடப்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று எல்லாம் மளமளவென்று நடந்தது. ரோட்டோரம் மேட்டு நிலத்தைக் கொடுத்தார்கள். நாமே மண் குழைத்துச் சுவர் வைத்தோம், தறிக்கும் ஆளுக்கும் இடம் விட்டு. ஜெயித்துவிட்டோம் என்று தெருவே பொங்கல் வைத்தது. நீ மட்டும், "தண்ணி எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

தண்ணீர் வந்தது, நமக்கு இல்லை. நம் வாசலை ஒட்டிப் பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, அப்பால் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாடி கட்டியிருந்த புது வீதிக்குக் கொண்டுபோனார்கள். நீ போய்க் கேட்டபோது, "உங்களுக்கு அடுத்த திட்டத்திலே" என்றார்கள். நாம் பழையபடி பள்ளத்துக் கிணற்றிலேயே மொண்டு குடித்தோம். அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. காலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த உன்னை மறுநாள் தூக்கிக்கொண்டு போனோம். குழாய் புதைத்த மண்ணின் மேல்தான் போனோம். அதற்கடியில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த திட்டம் நீ செத்த பிறகு வந்தது. குழாய்க்கு மாலை போட்டார்கள். சேர்மன் ஜன ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினார். நான் தறியை விட்டு எழுந்து போகவில்லை. ஆரோக்கியத்துக்காக என்று இடித்த நம் தெருவில் இன்று அவருடைய மைத்துனரின் மோட்டார் கொட்டகை நிற்கிறது. அதற்குத்தான் தார் ரோடு.

நேற்று நான் அந்த வழியாகப் போனது நகரசபைக் கூட்டத்துக்கு. நீ இருந்தவரை கோபப்படுகிற வேலையை நீ பார்த்துக்கொண்டாய், நான் தறியைப் பார்த்துக்கொண்டேன். இப்போது இரண்டும் என் வேலை. மாதாமாதம் போய்ப் பின்வரிசையில் உட்காருகிறேன். "இந்த வயசுல எதுக்கப்பா உங்களுக்கு இது?" என்று மகள் கேட்கிறாள். கேட்டுவிட்டு, சட்டையையும் துவைத்து எடுத்து வைக்கிறாள்.

புதுச் சேர்மன் சின்ன வயசு, கதர்ச் சட்டை. சுதந்திரம் வந்துவிட்டதல்லவா. தெருக்கூட்டும் தொழிலாளர்களுக்கு வீடு ஒதுக்கும் தீர்மானத்தை வாசித்தார். எந்த வீடு தெரியுமா? ஏரிக்குள் நாம் விட்டுவிட்டு வந்த அதே வீடுகள். வெள்ளை அடித்துக் கொடுக்கப் போகிறார்களாம்.

எழுந்தேன். "அதுக்குள்ளார தண்ணி வருமுங்க. நாங்க இருந்திருக்கறோம்" என்றேன்.

"அதெல்லாம் பழைய கதை பெரியவரே. உட்காருங்க" என்றார், சிரித்தபடி.

நான் உட்காரவில்லை.