நின்றுகொண்டு போக ஒரு தெப்பம்

அத்தான்,

போன கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ் வந்தது. சண்டை முடிந்து, கொழும்புப் பாதை திறந்து லொறிகள் ஓடத் தொடங்கியதும் என் கணவர் கொழும்பில் சொல்லி எடுப்பித்தது. பெட்டியைக் கிழித்து, அடியில் செருகியிருந்த வெள்ளை நுரைப்பலகையை, அந்த ரெஜிபோமை, இழுத்தேன். அது கிறீச்சிட்டுக்கொண்டு உடைந்தது. அந்தச் சத்தமும் புதிதாக உடைந்த ரெஜிபோமின் மணமும் ஒன்றாக வர, நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

கண்ணீர் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. துண்டின் தடிப்பை விரல் வைத்து அளந்தேன். இரண்டு அங்குலம். 'காணாது, அத்தானின் பாரத்துக்கு இது கணுக்கால் வரைக்கும் தாழும்' என்று மனம் தன்பாட்டில் சொன்னது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. நான் இன்னும் உங்களுக்குத் தெப்பம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இடம்பெயர்ந்து போன நாங்கள் தொண்ணூற்றாறுக்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கரம்பொன்னுக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. உங்கள் வள்ளம் விட்ட இடத்தில் நாலு ஆணிகள் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தன. அடுத்த வருடம், பின்வளவில் பற்றை வெட்டும்போது, மண்ணுக்குள் இருந்த மிதிவெடி வெடித்தது. உங்கள் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். பிறகு பொய்க்கால். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் முன்வரிசையில் முழந்தாளிட்டு, உயிரைத் தந்ததற்கு நன்றி சொன்னாள். நீங்கள் கோவிலுக்கு வெளியே நின்று கடலைப் பார்த்தீர்கள்.

நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு நாள் வந்து சொன்னேன்.

"அத்தான், கடை வாசலுக்கு ஒரு ஆள் எடுக்கினம். நான் கதைக்கிறன்."

"கதிரையிலை இருந்துகொண்டு போற வாற சனத்தை எண்ணச் சொல்லுறீரோ?"

"வேறை என்ன செய்யப் போறியள்?"

"கடலுக்குப் போவன்."

அக்கா குசினிக்குள் இருந்து வெளியே வந்தாள். "இஞ்சாருங்கோ, உயிரோடை இருக்கிறியளே, அது காணாதோ?" என்றாள். வேண்டாத கேள்விக்கெல்லாம் செருமுவீர்களே, அதைத்தான் செய்தீர்கள்.

அந்த நேரம்தான் ஒரு உதவி நிறுவனம் வந்து கடற்றொழிலாளருக்கு வள்ளம் கொடுப்பதாகப் பதிவு செய்தது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பதினெட்டு அடி பைபர் வள்ளம், ஒன்றுக்கு இரண்டு பேர். உங்களோடு சோடி சேர ஒருவரும் முன்வரவில்லை. உங்களுக்கோ அந்த வள்ளமே வேண்டாம். கடற்படை எஞ்சினுக்கு அனுமதி தராத காலம் அது. பகலில் மட்டும், கரையை அண்டி, இடுப்பளவு தண்ணீரில்தான் தொழில். மரக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய், நண்டு வலையைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு எதற்குப் பதினெட்டு அடி?

"எனக்கு ஒராள் நிண்டு தள்ளிக்கொண்டு போற மாதிரிச் சின்னனா ஒண்டு தாங்கோ" என்று பதிய வந்த அலுவலரிடம் கேட்டீர்கள்.

"அப்பிடி ஒண்டு எங்கடை பட்டியலிலை இல்லை ஐயா. எங்கை, கொஞ்சம் நடந்து காட்டுங்கோ."

நடந்து காட்டினீர்கள். அவர் ஏதோ எழுதினார். இரண்டு மாதத்தால் வீட்டுக்கு ஒரு கோழிக்கூடும் பத்துக் குஞ்சும் வந்தன.

"கோழிக்கும் ரெண்டு கால்தான். அதை ஆரும் நடந்து காட்டச் சொல்லேல்லை" என்றீர்கள். அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பத்தில் நான் தெளிவாக எழுதியிருந்தேன். ஒருவரும் வாசிக்கவில்லை.

பிறகு தொடங்கியது உங்கள் கூத்து. முதலில் அயலவர் ஒருவரிடம் கட்டுமரம் இரவல் வாங்கினீர்கள். ஒடுக்கமானது, மூன்று மரம், அம்பு மாதிரி ஓடும். "கலம் எண்டால் ஓடவேணும், பிள்ளை" என்றீர்கள். பழைய பிளாஸ்ரிக் பையால் பொய்க்காலைச் சுற்றி, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டி, மரக்கோலை ஊன்றி எழுந்து நின்றீர்கள். ஆறடி, ஒரு பாகம்கூடப் போகவில்லை, விழுந்தீர்கள். ஏறினீர்கள். விழுந்தீர்கள். முன்பு உள்ளங்காலால் கலத்தின் அசைவைப் பிடித்தவர் நீங்கள். இப்போது ஒரு பக்கத்தில் உள்ளங்காலே இல்லை. கரையில் நின்ற எனக்கு அது தெரிந்தது. உங்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இருந்துகொண்டு தள்ளலாம்தானே!" என்று கத்தினேன்.

"இருந்தால் வலை தெரியாது. நிண்டால்தான் தண்ணிக்குள்ளை பார்வை இறங்கும். நீர் பேசாமல் நில்லும்!"

பதினொரு தடவை விழுந்தீர்கள். நான் எண்ணினேன். எண்ணியதை உங்களிடம் சொல்லியும் காட்டினேன்.

அடுத்தது என் பிழை. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று நான்தான் நச்சரித்தேன். மீன் வியாபாரிகள் எறிந்துவிட்ட ஐஸ் பெட்டிகளின் ரெஜிபோமைச் சேர்த்து, உரப்பைக்குள் வைத்துத் தைத்து, பழைய வலையால் இறுக்கி ஒரு தெப்பம் செய்தோம். கட்டில் அகலம். அதில் ஆடினாலும் விழமாட்டீர்கள் என்று எனக்குப் பெருமை. உண்மைதான், விழவில்லை. ஆனால் மரக்கோலை ஊன்ற ஒவ்வொரு முறையும் ஓரத்துக்கு நாலு எட்டு நடக்கவேண்டியிருந்தது. அதற்குள் சோளகக் காற்று தெப்பத்தைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் ஒரு வெள்ளைக் கட்டிலில் நின்றபடி எதிர்க்கரைக் காரைநகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள். கடற்படைக் காவலரணில் இருந்து விசில் ஊதினார்கள். தண்ணீர் ஆழமாகி மரக்கோல் எட்டவில்லை. அக்கா மணலில் குந்தியிருந்து செபமாலை சொன்னாள். காரைநகர் வள்ளமொன்று கண்டு, கயிறு கட்டி உங்களை இழுத்துக்கொண்டு வந்தது.

கடலில் இறங்கக் கடற்படை தந்திருந்த தொழில் பாஸை இரண்டு கிழமைக்கு வாங்கி வைத்துவிட்டார்கள். நான் போய் நின்று கெஞ்சி, 'இனி இப்படி நடக்காது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் முற்றத்தில் இருந்து தெப்பத்தின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அகலம் கூடிப்போச்சு" என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு சொல் நன்றி இல்லை.

"உங்களுக்கு ஒரு கால் இல்லையெண்டு கடலுக்கும் தெரியும், காத்துக்கும் தெரியும்" என்றேன். "உங்களுக்குத்தான் தெரியேல்லை."

தையலைப் பிரித்த கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

அந்த ஒரு மாதமும் எனக்கு நித்திரை சரியில்லை. கடையில் இருந்து யோசித்தேன். நீங்கள் ஓட்டத்தைக் கேட்டீர்கள். நான் விழாததைக் கேட்டேன். அந்த அலுவலர் எங்கள் இரண்டு பேரையும் கேட்கவில்லை. உங்கள் வேலை என்ன, அதற்கு எது வேண்டும் என்று ஒருவரும் இருந்து எழுதவில்லை. ஒரு தாளை எடுத்தேன். தண்ணீர் எவ்வளவு ஆழம்? வலை எத்தனை? நனைந்த வலையும் நண்டும் சேர்ந்து என்ன பாரம்? எந்தப் பக்கம் ஊன்றுவீர்கள்? தெப்பத்தைக் கரைக்கு இழுப்பது யார்? அக்காவும் நானும்தான். அப்படியென்றால் இரண்டு பெண்கள் தூக்கக்கூடிய அளவாக இருக்கவேண்டும். இதை ஏன் முதலே யோசிக்கவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது.

தாளை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நீங்கள் சங்கக் கடைக்கு வந்தீர்கள். நேராகப் போய், அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றீர்கள்.

"காலைக் கழட்டிப்போட்டு நிக்கட்டோ, இதோடையோ?"

"கடலுக்கு எப்பிடிப் போவியளோ அப்பிடி நில்லுங்கோ."

சாமான் வாங்க வந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பாரத்தை எழுதினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்த முதல் கதை அது.

இந்தமுறை இரண்டு அடுக்கு ரெஜிபோம். நீளம் பதினொரு அடி. அகலம், நீங்கள் நடுவில் நின்றபடியே இரண்டு பக்கமும் மரக்கோல் ஊன்றக்கூடிய இரண்டரை அடி. காற்று திருப்பாமல் இருக்க, அடியில் பின்பக்கமாக மீன் செட்டைபோல ஒரு பலகை. மேலே வழுக்காமல் கயிற்றுப்பாய். தரையில் வைத்து உங்களை ஏறி நிற்கச் சொன்னேன். அப்போதும் ஏதோ சரியில்லை. முன்னால் சாயும்போது பொய்க்காலின் குதி கிளம்பி, உடம்பு முழுக்க இடது பக்கம் போனது. அகலத்தைக் கூட்டுவோமா என்று நான் கேட்க, நீங்கள் கத்த, பழைய சண்டை தொடங்கப் பார்த்தது.

ஆரம்பத்தில் இருந்தே கடல் வேண்டாம் என்று சொன்ன அக்கா, கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நின்றவள், கிட்ட வந்து குந்தி உங்கள் காலடியைப் பார்த்தாள்.

"அந்தக் கணுக்கால் மடங்காதல்லோ? அப்ப குதிக்குக் கீழை ஒரு சரிவுக்கட்டை வையுங்கோவன்."

கோழிக்கூட்டின் கதவில் இருந்து ஒரு பலகையைக் கழற்றி, சீவிச் சரிவாக்கி, பாயின் கீழே கட்டினோம். ஏறி நின்றீர்கள். சாய்ந்தீர்கள். கால் இருந்த இடத்தில் இருந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலமை நீங்கள் போனீர்கள். அறுபது பாகம் வரைக்கும் நான் மூச்சை விட்டேனோ தெரியாது. நிமிர்ந்து நின்று, கோலை ஊன்றி எடுத்து ஊன்றி எடுத்துப் போனீர்கள். வலையடியில் நின்று குனிந்தீர்கள், நிமிர்ந்தீர்கள். பத்து மணிக்கு முதல் திரும்பி வந்தீர்கள். நனையாத சேர்ட்டோடு. கூடை நிறைய நண்டு. அக்கா அழுதாள்.

"எப்பிடி அத்தான்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"பறவாயில்லை. இன்னும் ஒரு நாலு விரல் ஒடுக்கியிருக்கலாம்."

அந்த இடத்திலேயே உங்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட நினைத்தேன், அத்தான். கடவுளறிய.

அந்தத் தெப்பத்திலும் அதைப்போல் பிறகு கட்டிய இரண்டிலுமாக, எட்டு வருடத்துக்கு மேல் தொழில் செய்தீர்கள். வேறு ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்து அளவு கேட்டார்கள். ஒருவருக்கும் நல்ல முகம் காட்டவில்லை. "உனக்கு ரெண்டு காலும் இருக்கு, உனக்கேன் என்ரை அளவு? உன்ரை பாரம் என்ன? உன்ரை தண்ணி என்ன ஆழம்?" என்று விரட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "அவனுக்கு மூண்டடி வேணும், சொல்லிவிடும்" என்பீர்கள். சொல்லிவிடுவது என் வேலையாயிற்று.

அன்றைக்குச் சொன்ன அந்தச் சொல்லுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க ஒருமுறை வந்தேன். கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அத்தான், அண்டைக்கு நான் உங்களைப் பாத்துச் சொன்னது…"

"என்ன சொன்னனீர்? எனக்கு ஞாபகமில்லை. உந்தக் கூடையை இஞ்சாலை தூக்கி வையும்."

ஞாபகம் இருந்தது. உங்கள் முகத்தில் தெரிந்தது. என்னை மன்னிப்புக் கேட்கவிட்டிருக்கலாம். ஒரு நிமிடம்தான் பிடித்திருக்கும்.

பிறகு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் மூன்றாம் நாள் பெட்டியில் வந்தீர்கள். கேட்டு வந்த ஒருவருக்குத் தெப்பத்தை அக்கா கொடுத்துவிட்டாள். அவர் உங்களைவிட இரு மடங்கு பாரம். ஒரு மாரிக்குக்கூட அது தாங்கவில்லை. நான் அவரோடு இப்போதும் கதைப்பதில்லை.

இப்போது வேறொரு நிறுவனம் வந்திருக்கிறது. பயனாளிகளைப் பதிய என்னையும் கூப்பிட்டார்கள். இறுப்பிட்டியில் இருந்து ஒரு பெண் வந்தாள். தனியாக நண்டு வலை போடுகிறவள், என் தோளுயரம் இல்லை. அவளுக்கும் வேறு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய வள்ளம் என்று எழுதியிருந்தது. அவள் அலுவலரை விட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். என் காதுக்குள்தான் கேட்டாள்: "இதை நான் எப்பிடி அக்கா கரைக்கு இழுக்கிறது?"

நான் அலுவலரிடம் கேட்டேன்.

"அக்கா, பட்டியல் கொழும்பிலை முடிஞ்சுது."

"முடிஞ்ச பட்டியலைத் திறவுங்கோ. இந்தப் பிள்ளை என்ன பாரம், எந்தத் தண்ணியிலை தொழில் செய்யுது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"திங்கட்கிழமை வாங்கோ, பாப்பம்."

இரண்டு திங்கள் போய்விட்டது. பார்க்கவில்லை. போன திங்கள் அவர் தேநீர் வரவழைத்துத் தந்தார், அதோடு சரி. வீட்டில் என் கணவர், "உனக்கேன் உந்த வேலை?" என்கிறார். அக்கா மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் குடையை எடுத்து வைக்கிறாள்.

அளவெடுக்க நீங்கள் எனக்குப் பழக்கவில்லை. உங்களோடு மல்லுக்கட்டியதில் பழகிப்போனது. நாளைக்கு மூன்றாவது திங்கள். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நிறுவனத்தின் ஊர்காவற்றுறைக் கந்தோருக்குப் போகிறேன். அவளுடைய அளவெல்லாம் எழுதி எடுத்துவிட்டேன், வாசித்துக் காட்டாமல் திரும்புவதாக இல்லை. கோபப்படாமல் கதைப்பேன் என்று மட்டும் சத்தியம் பண்ண ஏலாது, அத்தான்.