ஓரம் வெட்டப்பட்ட படம்

ஜூன் 4, வியாழன்

சோதனைக்கூடத்தில் குடிநீர் மாதிரிகளுக்கு குளோரின் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ‘மதிப்புமிக்க வாடிக்கையாளரே’ என்று தொடங்கும் எதையும் நான் நம்புவதில்லை. இந்த மாதக் கடைசியோடு என் அன்லிமிடெட் டேட்டா திட்டம் முடிகிறதாம். பதிலுக்கு ‘இன்னும் மேம்பட்ட அனுபவம்’. அதாவது ஒரு நாளைக்கு இவ்வளவுதான், தாண்டினால் நத்தை வேகம்.

நுண்ணுயிர்ப் பிரிவில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். “எனக்கும் வந்துச்சு மேடம். இனிமே சீரியல் பார்க்கறதைக் குறைச்சிக்கணும், உடம்புக்கு நல்லது.” நான் சிரித்துவைத்தேன். வீட்டு விஷயத்தை வேலையிடத்தில் பேசும் வழக்கம் எனக்கில்லை.

பேசியிருந்தால் அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பள்ளியிலும் அதிகம் வைத்திருக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் கைகளால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். அம்மாவுக்குப் பாதி புரியும். அம்மாவும் போன பிறகு அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இருவர்தான். அவள் அரை நாள் ரயில் தூரத்தில், ஒரு சலவைக்கடை மாடியில் தையல் வேலை செய்கிறாள்.

சாயங்காலம் ஆனால் என் சமையலறை அலமாரியில் ஒரு போன், அவள் தையல் மெஷினுக்கு இடப்பக்கம் நூல்பெட்டியில் சாய்த்து ஒரு போன். படுக்கும்வரை வீடியோ ஓடும். எந்நேரமும் பேசிக்கொண்டிருப்போம் என்றில்லை. அவள் தைப்பாள், நான் பாத்திரம் கழுவுவேன். கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்துப் போடுவேன். திரை மினுங்குவதைப் பார்த்து நிமிர்வாள்.

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? ‘அதிகப்படியான பயன்பாடு’ என்றுதான்.

ஜூன் 7, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். (அவள் கையால் சொல்வதை வாயால் சொன்னது போலத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு வழியில்லை.)

“யார் வெட்டறாங்க?”

“போன் கம்பெனிக்காரங்க.”

யோசித்தாள். பிறகு இரண்டு விரலை நீட்டிக் கத்தரிபோல் மூடித் திறந்தாள். கம்பெனிக்குப் பெயர் வைத்தாயிற்று. எங்கள் பேச்சில் எல்லோருக்கும் இப்படித்தான் பெயர் வரும். எனக்குப் பெயர் ஒற்றைப் புருவத்தை விரலால் தூக்கிக் காட்டுவது: சந்தேகம்.

ஜூன் 20, சனி

கம்பெனிக் கடைக்கு நேரில் போனேன். உள்ளே ஏசி, வாசல்வரை கூட்டம். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பழைய விளம்பரத் தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

“இங்க என்ன போட்டிருக்கு, படி தம்பி.”

“அன்லிமிடெட் சார்.”

“அப்படின்னா?”

“அது ஒரு அளவுக்கு அன்லிமிடெட் சார். நியாயமான பயன்பாட்டுக் கொள்கைன்னு கீழே சின்னதா...”

“அளவுக்கு அன்லிமிடெட்டா. நீ கல்யாணம் ஆனவனா?”

வரிசையே சிரித்தது. கவுண்டர் பையனும் சிரித்தான். யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. என் முறை வந்தது.

“வாய்ஸ் கால் உங்களுக்கு இப்பவும் முழுசா ஃப்ரீ மேடம். எவ்வளவு நேரம் வேணாலும் பேசலாம்.”

“நான் பேச வேண்டியவங்களுக்குக் காது கேக்காது.”

“அப்போ மெசேஜ் அனுப்பலாமே மேடம்.”

விளக்க ஆரம்பித்தேன். பின்னால் இருந்தவர் இருமினார். பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். அக்காவை வரிசையில் நின்று விளக்குவது பிடிக்கவில்லை.

ஜூலை 1

முதல் நாளே. சாதம் வடித்து நிமிர்கிறேன், அக்கா ஊசியில் நூல் கோர்த்தபடி உறைந்து நிற்கிறாள். பத்து நிமிடம் அதே ஊசி, அதே வாய். அப்புறம் சதுரம் சதுரமாக உடைந்து போய்விட்டாள்.

ஜூலை 9

இன்று நான்கு தடவை விளக்கை அணைத்துப் போட்டேன். நிமிரவேயில்லை. படம் நின்றுவிட்டது என்று நினைத்தால் அவள் கை துணியைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. என் பக்கத்துப் படம் அங்கே போய்ச் சேரவில்லை போல. திருடர்கள்.

ஜூலை 19, ஞாயிறு

இப்போது அளந்து பேசுகிறோம். கொஞ்ச நேரம், முக்கியமானது மட்டும், பிறகு அணைத்துவிடுவது. முக்கியமானது என்று பார்த்தால் எங்களுக்குள் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. முக்கியமில்லாதவைதான் அவ்வளவும்.

அக்கா ஒரு புதுப் புகார் சொன்னாள். “கத்தரி படத்தோட ஓரத்தையும் வெட்டறான். உன் கை பாதி தெரியல.”

“அதெல்லாம் வெட்ட மாட்டாங்க. வேகம்தான் குறையும்.”

“வெட்டறான்டி. அதுவும் கோணல் வெட்டு. இடது பக்கம் ஜாஸ்தி. இந்த லட்சணத்துல என்கிட்ட வேலைக்கு வந்தா முதல் நாளே அனுப்பிடுவேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. “கையைச் சின்னதா ஆட்டு. முகத்துக்கிட்ட வெச்சு ஆட்டு. டேட்டாவும் மிச்சமாகும்.”

கையைச் சின்னதாக ஆட்டினால் டேட்டா மிச்சமாகுமா என்று கேட்டால், நீதானே படித்தவள் என்கிறாள்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

போதும் இந்தக் கஞ்சத்தனம் என்று இருப்பதிலேயே பெரிய திட்டத்தை இரண்டு போனுக்கும் போட்டுவிட்டேன். காரியமாக வேண்டுமே. அடுத்த வாரத்தில் இருந்து பழையபடி ஓடவிடலாம்.

ஆகஸ்ட் 11

என் பக்கம் படம் துல்லியமாக இருக்கிறது. அவள் சட்டைக்காலரில் போடும் தையலை எண்ணலாம். அவள் பக்கம் மட்டும் இன்னும் ‘வெட்டு’. விளக்கை அணைத்துப் போட்டாலும் சில நேரம்தான் நிமிர்கிறாள்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். வெகுநேரம் இசை கேட்டபின் ஒரு பெண் குரல். நல்ல பெண், பாவம். “ஓரம் வெட்டுப்படுதுன்னா... எப்படி மேடம்?”

“இடப்பக்கம் தெரியலைன்னு சொல்றாங்க.”

“நெட்வொர்க்ல அப்படி ஒரு பிரச்சினை வராது மேடம். வந்தா மொத்தப் படமும்தான் மேடம் போகும்.”

“அதை நீங்க முடிவு பண்ணாதீங்க. புகாரை எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டாள். குரலை உயர்த்தாமல் பேசினேன் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆகஸ்ட் 20

அக்காவோடு சண்டை. விளக்கை அணைத்து அணைத்துக் கை ஓய்ந்துவிட்டது. அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் நிமிர்ந்தபோது, வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறாயா என்று கேட்டுவிட்டேன்.

“கூப்பிட்டியா? எப்போ?”

நம்பவில்லை. என் புருவம் ஏறியிருக்க வேண்டும். அவள் என் பெயரை எனக்கே காட்டிவிட்டு — ஒற்றைப் புருவம், ஒரு விரல் — போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாள். கறுப்புத் திரை. என்னால் கூப்பிடவும் முடியாது. மணி அடித்தால் யாருக்குக் கேட்கும்?

ஆகஸ்ட் 22

கம்பெனியில் இருந்து பதில். இரண்டு இணைப்பையும் சோதித்தார்களாம், குறை ஏதும் இல்லையாம், புகார் முடித்துவைக்கப்படுகிறதாம். முடித்துவைப்பதற்கு இவர்கள் யார்? வேறென்ன சொல்வார்கள், எங்கள் மேல்தான் தப்பு என்றா? மேல்முறையீடு அனுப்பினேன். இடது ஓரம் வெட்டுப்படுவதைத் தனிப் பத்தியாகவே எழுதினேன்.

செப்டம்பர் 3, வியாழன்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

இன்று ஒரு மாதிரியில் ஈய அளவு கன்னாபின்னாவென்று காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று எழுதப்போனேன். நுண்ணுயிர்ப் பெண் சொன்னாள், “வேற மாதிரி ஒண்ணை அதே மெஷின்ல ஓட்டிப் பார்த்தீங்களா மேடம்?” ஓட்டினேன். கருவி சரியாகத்தான் இருந்தது. தண்ணீரில்தான் ஈயம்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு மாதிரி ஒன்றை அதே மெஷினில். இருபது வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. அக்காவின் போனை வேறொரு ஆள் பார்த்ததுண்டா?

சாயங்காலம் வீடியோவில் அவளிடம், கீழே போய்ச் சலவைக்கடைக்காரரைக் கூட்டி வா என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“படம் எப்படி இருக்குங்க? ஓரம் தெரியுதா?”

“கண்ணாடி மாதிரி இருக்கும்மா. உங்களுக்குப் பின்னாடி ஒரு காலண்டர், இந்தப் பக்கம் சிவப்பு வாளி. ரெண்டு ஓரமும் தெரியுதே. ஏன்?”

வாளி இடப்பக்கம்.

“ஒண்ணுமில்லைங்க,” என்றேன். பிறகு கேட்டேன், “அக்கா இப்பல்லாம் எதுலயாவது இடிச்சிக்கிறாளா?”

அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மாடிப்படிக் கைப்பிடில தினம் இடிச்சிக்குது. கவனிச்சு நடன்னு நான்கூடத் திட்டுவேன்.”

செப்டம்பர் 4, வெள்ளி

ரயிலில் வந்து இறங்கியாயிற்று. கதவு திறந்திருந்தது. அக்கா மெஷினில். நான் உள்ளே போய் அவளுக்கு இடப்பக்கம், போன் சாய்த்து வைக்கும் அந்த இடத்தில், நின்றேன். கையை ஆட்டினேன். அகலமாக, நன்றாக. ஒரு முழத் தூரம்கூட இல்லை.

அவள் சட்டைக்கைக்கு மடிப்பு அடித்துக்கொண்டே இருந்தாள்.

வாடிக்கையாளர் சேவைப் பெண்ணிடம் என்ன சொன்னேன்? அதை நீங்க முடிவு பண்ணாதீங்க.

செப்டம்பர் 7, திங்கள்

கண் மருத்துவமனை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சம் மினுங்கும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். அக்காவுக்கு விளக்கினேன்.

“இது நம்ம விளையாட்டுதானே,” என்றாள். “விளக்கை அணைச்சுப் போடறது.”

ஆமாம் என்றேன். பக்கத்தில் நின்றேன். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சோதனை செய்பவரின் திரையில் தெரிந்தது. இடப்பக்கம் ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. அக்காவின் விரல் பட்டன்மேல் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. அடுத்த விளக்கு எப்போது வரும் என்று.

கண்ணில் அழுத்தம். இடது கண் நடுவில் கொஞ்சம் தவிர முழுதும் போய்விட்டது. வலது கண் இப்போதுதான் ஓரத்தில் ஆரம்பம். டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார். “போனது வராது. இருக்கறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். வலிக்காது, அதனால யாருக்கும் தெரியறதில்லை. இது வருஷக்கணக்கா நடந்திருக்கும்.”

“இந்த ரெண்டு மாசத்துல எவ்வளவு போயிருக்கும்?”

“அதை யாரும் சொல்ல முடியாதும்மா.”

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் பேசும்போது இப்படித்தான் இழுப்பாள். அப்புறம் சொல்கிறேன் என்பார்கள். அப்புறம் வரவே வராது. டாக்டரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். போனது வராது என்பதையும்.

முழுதும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்தக் கண்ணும் போனா, உன் கை எப்படித் தெரியும்?”

“என்ன கேக்கறாங்க?” என்றார் டாக்டர். எனக்கு மொழிபெயர்க்க வரவில்லை.

செப்டம்பர் 12

கம்பெனி எதையும் வெட்டவில்லை. அதாவது, அன்லிமிடெட்டை வெட்டினார்கள், அது உண்மை. அதற்காக என் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தக் கோபம் கண்ணை மறைத்துக்கொண்டு — எந்தக் கண்ணை? இதை இப்படியே விடுகிறேன். மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றேன். காரணம் என்ற கட்டத்தில் ‘தவறு எங்களுடையது’ என்று எழுதி, ‘எங்களுடையது’ என்பதை அழித்து ‘என்னுடையது’ என்று எழுதினேன். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

செப்டம்பர் 13

மேல்முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது. எங்கள் சேவையில் திருப்தி அடைந்ததற்கு நன்றியாம்.

அக்டோபர் 3, சனி

தையல் மெஷின் வண்டியில் வந்து இறங்கியது. சலவைக்கடைக்காரர் கூடவே வந்து, மாடிப்படி இல்லாத வீடுதானே என்று பார்த்துவிட்டுப் போனார். ஜன்னலோரம் போட்டோம். அக்கா என் சமையலறையைச் சுற்றிப் பார்த்து, “போன்ல பெரிசா தெரிஞ்சுது,” என்றாள்.

அக்டோபர் 18, ஞாயிறு

சொட்டு மருந்து காலையும் இரவும். எரிகிறது என்று முகத்தைச் சுளிக்கிறாள். அறை விளக்கை அணைத்துப் போட்டால் உடனே திரும்புகிறாள். மொத்த அறையும் இருண்டால் எந்த ஓரமாக இருந்தால் என்ன. ஒரு தடவை போதும், ரெண்டு தடவை போட்டு பல்பைக் கெடுக்காதே என்கிறாள்.

அவளே ஒரு பழக்கம் ஆரம்பித்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். “ஏதாவது சொல்லு.” நான் அவள் உள்ளங்கைக்குள் கையை வைத்துச் சொல்ல வேண்டும். இப்போது எதற்கு, வலது கண்தான் நன்றாக இருக்கிறதே என்றேன். “நல்லா இருக்கும்போதுதான்டி கத்துக்கணும்.” முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. தண்ணீரைச் சாதம் என்பாள், சாதத்தை மழை என்பாள். எனக்கும் கண்ணுக்கு இல்லாமல் தோலுக்குப் பேசத் தெரியவில்லை.

இன்று மாலை போனில் செய்தி. ‘மதிப்புமிக்க வாடிக்கையாளரே, இம்மாத டேட்டாவில் பெரும்பகுதியை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.’

அக்கா அப்போது கண்ணை மூடிக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கையில் என் இரண்டு விரலை வைத்து, மூடித் திறந்தேன். மூடித் திறந்தேன்.

என் விரல்களைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

“கத்தரி. என்னவாம் அவனுக்கு?”