கதவில் தொங்கிய சிவப்புத் துண்டு

வியாசர்பாடி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ரமா அப்பாவுக்கு, மதி எழுதுவது. ஜெய்பீம்.

நானும் ரமாவும் நலம். பெங்களூர் ஹாஸ்டல் சாப்பாடு உங்களுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். நெத்திலிக் கருவாட்டோடு இந்தக் கடிதத்தையும் பார்சலில் வைக்கிறேன். போனில் நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஆரம்பித்ததுமே எனக்கு அழுகை முட்டுகிறது, சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். ராஜினாமாவைக் கொடுக்கும் முன் இதை முழுசாகப் படியுங்கள்.

எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது உங்களைவிட நான்தான் அதிகம் திட்டினேன். வீட்டிலிருந்தே வேலை ஒழுங்காக நடக்கிறதே, இவர்களுக்கு என்ன கேடு என்றேன். நம் மாடியில் குடியிருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கட்டின பில்டிங் காலியாகக் கிடந்தால் முதலாளிக்கு வயிறு எரியாதா என்றார்கள். ஹார்பரில் வேலை பார்த்த லோகநாதன் மாமா, "கண்ணுல படாதவன் வேலை செய்யறான்னு எந்த மேஸ்திரி நம்பிக்கீறான்?" என்று சிரித்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கற்றுக்கொள்வார்கள் என்று உங்கள் மேனேஜர் சொன்னதை நாம் இருவருமே நம்பவில்லை.

நீங்கள் மீட்டிங்கில் இருந்தால் கதவில் சிவப்புத் துண்டு போடுவோமே, அதைப் பார்த்தால் மாடியே அடங்கிவிடும். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாக்கா மிக்சி போடமாட்டார். இருப்பது ஒரே அறை, நானும் குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவேன். ரமா தும்மினால் வாயைப் பொத்துவேன். கோபப்படாதீர்கள், நீங்கள் கேட்டு நான் செய்ததில்லை. ஆனால் எனக்கு மூச்சு முட்டியது. நீங்கள் போன மறுநாள் சத்தமாகப் பாட்டு வைத்துச் சமைத்தேன், பாதியில் உங்களை நினைத்து அழுதேன். இரண்டும் உண்மைதான்.

வியாழக்கிழமை அந்தத் துண்டை எனக்காகப் போட்டேன். ராயபுரத்தில், கன்டெய்னர் ஏற்றுமதிக்கு வேண்டிய பத்திரங்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் வேலை கேட்டிருந்தேன். போனில் இன்டர்வியூ. கன்னியம்மாக்கா வாசலில் வந்து நின்றார்.

"இன்னாமே, அன்பு பெங்களூர்ல கீறான், துண்டு யாருக்கு?"

எனக்குத்தான் என்றேன்.

"உனுக்கா? அப்போ இன்னிக்கு எங்க வூட்ல சட்னியே வாணாம். நீ பேசு."

வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே செய்யலாமா என்று கேட்டேன். முடியாது, மூன்று மாதம் தன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் இன்டர்வியூ எடுத்த ஆபீஸ் அம்மா. உங்கள் மேனேஜர் பேசிய அதே பேச்சு. அவர் சொன்னபோது எரிச்சல் வந்தது. இவர் சொன்னபோது நாற்காலி போட்டுக் கூப்பிட்டதுபோல் இருந்தது. போன வாரம் புதுப் பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததை நீங்கள் சொன்னீர்களே, அப்போது உங்கள் குரலும் தெளிந்திருந்தது. நீங்கள்தான் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி சேருகிறேன். பள்ளி விட்டதும் ரமாவைக் கன்னியம்மாக்கா பார்த்துக்கொள்வார். நீங்கள் ராஜினாமா செய்யாதீர்கள். சென்னைக் கிளைக்கு மாற்றம் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். அதுவரை சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்துவிடுங்கள்.

சிவப்புத் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். நீங்கள் குளித்துவிட்டுத் தலை துவட்டத்தான். குக்கர் விசில் அடிக்கும், ரமா கத்துவாள், நீங்களும் சத்தமாகப் பேசலாம். சீக்கிரம் வாருங்கள். வேலையோடு வாருங்கள்.

உங்கள்
மதி