கோழிமேட்டில் ஆறு சால்

எனிட் வீடு,
ஸ்டோர்கோம்.
6 மார்ச் 1957

அன்புள்ள ரூபனுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உப்புப் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் வீட்டில் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அரை மைல் தூரத்தில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுகிறாளே என்று நினைப்பீர்கள். நேரில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் நீங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவீர்கள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. கடிதம் என்றால் படித்துத்தானே ஆகவேண்டும்.

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். உங்களுக்காவது சரியாகத் தெரியட்டும். சனிக்கிழமை கோழிமேட்டின் ஓரத்தில், அது பழைய புதைமேடு என்று தெரிந்தும், ஆறு சால் ஓட்டினீர்கள். எலும்பு வந்தது. அதை உரச் சாக்கில் அள்ளிப் போட்டுக் கொட்டகையில் நாய் படுக்கிற மூலையில் வைத்தீர்கள். கேட்டதற்கு, "பழைய எலும்புதானே, திங்கக்கிழமை பள்ளத்துல கொட்டிடலாம்" என்றீர்கள்.

நான் சாக்கைத் திறந்து பார்த்தேன் ரூபன். ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும். குழந்தையின் தாடையில் பால்பல் அப்படியே இருக்கிறது. நம் தேவாலயத்துக்குக் கல் வைப்பதற்கு இரண்டாயிரம் வருஷம் முன்னாலிருந்து அந்த இரண்டு பேரும் அங்கே படுத்திருக்கிறார்கள். அவர்களை நீங்கள் பள்ளத்தில் கொட்டுவீர்களா? எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது இரண்டு பேரும் ஆப்பிள் பெட்டியில், நல்ல துணி சுற்றி, என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறார்கள். உங்கள் அக்கா எனிட் முதலில் முகம் சுளித்தாள். "ஏம்மா, ஒரு ஆளுக்குத்தானே இடம் கேட்ட? மூணு பேரா வந்திருக்கியே" என்றாள். பிறகு துணி கொடுத்ததே அவள்தான்.

அவர்களை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். மேட்டில் இனிக் கலப்பை படக்கூடாது. இது இரண்டும் நடக்கும்வரை நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
தர்ஸா

*

மேல்பண்ணை
10 மார்ச் 1957

அன்புள்ள தர்ஸாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரன் ஹோரஸ் கொடுக்கும்போதே சிரித்தான். உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறான் என்று நினைக்கிறேன். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, பெண் கன்று. சட்டைகளை எங்கே வைத்தாய் என்று தெரியவில்லை.

உனக்கு அந்த மேடு பெரிதாக இருக்கிறது. எனக்கும் ஒன்று நினைவிருக்கிறது. நாற்பத்தொன்றில், போர்க்காலத்தில், அரசாங்கத்து விவசாயக் குழு வந்து எல்லாப் பண்ணைக்கும் தரம் போட்டபோது எனக்கு 'பி' போட்டார்கள். ஏன்? கோழிமேட்டிலும் அதைச் சுற்றியும் முள்ளும் செந்தட்டியும் மண்டிக் கிடந்ததாம், நிலத்தை வீணடிக்கிறேனாம். பக்கத்துப் பண்ணைச் சோம்பேறிக்கு 'ஏ'. மதுக்கடையில் ஒரு வருஷம் என்னை 'மிஸ்டர் பி' என்றுதான் கூப்பிட்டார்கள். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

அந்த மேடு அரசாங்கத்துப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. அது என் நிலம். பார்லி விதைத்தாகிவிட்டது. அறுவடை முடிந்ததும் மிச்ச மேட்டையும் தட்டையாக்குவேன். எலும்பை நீ வைத்துக்கொள்.

ரூபன்

*

எனிட் வீடு
14 ஏப்ரல் 1957

அன்புள்ள ரூபனுக்கு,

சட்டைகள் ஜன்னலுக்குக் கீழே உள்ள பெட்டியில், வலது பக்கம். எப்போதும் அங்கேதான்.

பட்டியலில் இல்லை என்று எழுதக் கை கூசவில்லையா? ஏன் இல்லை என்று நான் சொல்லட்டுமா? ஐம்பத்தொன்றில் லண்டனிலிருந்து அந்த ஒல்லி அதிகாரி வந்தாரே, கொட்டுகிற மழையில், மெல்லிய செருப்பு போட்டுக்கொண்டு. "உங்க நிலத்துல பழைய புதைமேடு ஒண்ணு இருக்காமே" என்று கேட்டார். நீங்கள் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மண்குவியலைக் காட்டினீர்கள். அது போரின்போது பட்டாளத்துக்காரர்கள் தேடுவிளக்கு வைப்பதற்காக லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண். அவர் பாவம், அதைச் சுற்றி நாடா பிடித்து அளந்து, படம் வரைந்துகொண்டு போனார். அன்றிலிருந்து பட்டாளத்து மண்ணை அரசாங்கம் பாதுகாக்கிறது. பக்கத்தில் நிஜ மேடு நாதியில்லாமல் நிற்கிறது.

ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. லண்டன்காரனிடம் சொந்த ஊர்க்காரனைக் காட்டிக்கொடுப்பதா என்று எல்லோரும் கமுக்கமாக இருந்துவிட்டோம். நானும்தான். அரசாங்கம் வேலி போட்டுவிடுமோ என்று பயந்து அப்படிச் செய்கிறீர்கள், மேட்டைத் தொட மாட்டீர்கள் என்று நம்பினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இவ்வளவு கோபம்.

இன்னொன்று. பாதிரியார் மெல்ட்ரமிடம் பேசினேன். போருக்குப் பிறகு நின்றுபோன எல்லை நடையை இந்த வருஷம் திரும்ப நடத்துகிறோம். மே இருபத்தேழு. ஊரைச் சுற்றி எல்லைக்கல் எல்லைக்கல்லாக நடப்போம். கோழிமேட்டு உச்சியும் ஓர் எல்லைக்குறிதான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே புல்லில் சிலுவை வெட்டிக் காட்டவேண்டியது நிலத்துக்காரர். மண்வெட்டியைத் தீட்டி வையுங்கள்.

தர்ஸா

*

மேல்பண்ணை
21 மே 1957

தர்ஸாவுக்கு,

பார்லி முழங்கால் உயரம் வந்துவிட்டது. அதில் எவன் கால் வைத்தாலும் நான் சும்மா இருக்கமாட்டேன், பாதிரியாராக இருந்தாலும் சரி. மேட்டுக்குப் போகிற வழியில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்துவேன். சொல்லிவிட்டேன்.

எனிடிடம் சொல், அவள் அனுப்பிய கேக் கல்லாக இருந்தது. நாய் தின்றது.

ரூபன்

*

எனிட் வீடு
28 மே 1957

அன்புள்ள ரூபனுக்கு,

நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பாதி நேரம் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

முப்பத்தேழு பேர் வந்தோம். உங்கள் பார்லியில் ஒருவர் பின் ஒருவராக, ஒற்றைத் தடத்தில்தான் நடந்தோம். போய்ப் பாருங்கள், ஒரு முழ அகலம்கூடக் கெடவில்லை. எல்லை நடையில் வழியில் எது நின்றாலும் சுற்றிப் போகக்கூடாது, மேலேறித்தான் போகவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் டிராக்டரை நிறுத்தினீர்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு உங்கள் இருக்கையில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். எனிடுக்கு அறுபத்தாறு வயது. சக்கரத்தில் கால் வைத்து ஏறி, "தம்பி, கையக் குடு, இல்லேன்னா உன் மேலதான் விழுவேன்" என்றாள். நீங்கள் கை கொடுத்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கும் உதடு கொஞ்சம் கோணியது.

உச்சியில் பாதிரியார் உங்களிடம் மண்வெட்டியை நீட்டி, "மிஸ்டர் ஆட்லம், இது உங்க வேலை" என்றார். நீங்கள் வாங்கவில்லை. நான் வாங்கினேன். சிலுவையை நான் வெட்டினேன், கோணலாகத்தான் வந்தது. பிறகு நீங்கள் கிழித்த ஓரத்தில் குழி தோண்டி, அந்தத் தாயையும் பிள்ளையையும் வைத்து மூடினேன். பாதிரியாருக்கு எந்த ஜெபம் சொல்வதென்று தெரியவில்லை. "இவங்க நம்ம ஊர்க்காரங்க. நமக்கு முன்னாடியே வந்தவங்க" என்று மட்டும் சொன்னார். அப்போது நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். பார்த்தேன். வெயிலுக்காக என்று சொல்லாதீர்கள், நேற்று வெயிலே இல்லை.

திரும்பும்போது பக்கத்தில் வந்து, "இனிமே ஓட்டல. போதுமா?" என்றீர்கள். போதாது. உங்கள் வார்த்தை நீங்கள் இருக்கும்வரை நிற்கும். அதற்குப் பிறகு இந்த நிலம் யார் கைக்குப் போகும், அவர் எந்தக் கலப்பையோடு வருவார் என்று நமக்கு என்ன தெரியும்? மேடு பட்டியலில் ஏறவேண்டும்.

லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். 'ஐம்பத்தொன்றில் நான் தவறுதலாக வேறொரு குவியலைக் காட்டிவிட்டேன், உண்மையான மேடு இருநூறு கெஜம் கிழக்கே இருக்கிறது, தயவுசெய்து வந்து பாருங்கள்' என்று. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் போட்டால், ஒரு விவசாயி தன் தவறைத் திருத்தியதாக இருக்கும். நான் போட்டால், புருஷனைக் காட்டிக்கொடுத்த கடிதம் அது. அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார என்னால் முடியாது, நீங்கள் கூப்பிட்டாலும் முடியாது.

ஜூன் பதினைந்து வரை பார்ப்பேன். அன்றைக்கும் உங்கள் கையெழுத்து வரவில்லை என்றால் நான் போடுவேன். மேஜை போனால் போகட்டும்.

தர்ஸா

*

மேல்பண்ணை
12 ஜூன் 1957

அன்புள்ள தர்ஸாவுக்கு,

உன் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நீ 'தவறுதலாக' என்று எழுதியிருக்கிறாய். நான் எதையும் தவறுதலாகக் காட்டவில்லை. இந்த நிலத்தில் பிறந்தவன் நான். எது பட்டாளத்து மண், எது மேடு என்று தெரியாத மடையன் என்று லண்டன்காரன் நினைக்க வேண்டுமா? ஏற்கெனவே ஒருமுறை 'பி' வாங்கியவன். இன்னொரு முறை வாங்க மாட்டேன்.

நானே உட்கார்ந்து எழுதினேன். ஐந்து நாள் ஆனது. தெரிந்தே பொய் சொன்னேன், மேட்டை உழுவதற்காகவே சொன்னேன், ஆறு சால் ஓட்டியும்விட்டேன், எலும்பு வந்தது, என் மனைவி திரும்ப வைத்தாள் என்று எழுதினேன். என்ன தண்டனையோ போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வந்து பட்டியலில் சேருங்கள் என்றும் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கும். இருக்கட்டும்.

இன்று காலை ஹோரஸ் கையில் கொடுத்தேன். "என்ன, லண்டனுக்கா?" என்றான். "ஆமா. நான் பொய்யன்னு எழுதியிருக்கேன். மதுக்கடையில போய்ச் சொல்லு, எல்லாருக்கும் தெரியட்டும்" என்றேன். அவன் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அறுவடை முடிந்ததும் கோழிமேட்டைச் சுற்றி வேலி போடப் போகிறேன். நான் ஓட்டிய ஆறு சாலும் வேலிக்கு உள்ளே போய்விடும், அதற்கு மேலும் ஆறு. ஓக் கம்பங்கள் வெட்டிவிட்டேன். ஒரு ஆள் கம்பத்தைப் பிடிக்க வேண்டும், ஒரு ஆள் சம்மட்டியால் அடிக்க வேண்டும்.

எனிடைக் கேட்டால் வருவாள். உன்னைக் கேட்கிறேன்.

ரூபன்