பேர் சொல்லாத மேடையில் பாட்டு இல்லை

என் ஆரோக்கியராஜ் அண்ணனுக்கு,

முழுப் பேரையும் எழுதிக் கூப்பிடுகிறேன், சிரிக்காதே. வீட்டில் நீ ராஜு. வெளியே உனக்குப் பேரே கிடையாது. இருபத்திரண்டு வருஷம் இந்தப் பெங்களூரின் கல்யாண மண்டபங்களிலும் மாரியம்மன் திருவிழாக்களிலும் பாடினாய். ஒரு பெரிய சினிமாப் பாடகரின் குரல் உன் தொண்டையில் அச்சு அசலாக வந்தது. அதனால் அவர் பேருக்கு முன்னால் 'ஜூனியர்' என்று ஒட்டி, அதையே உன் பேராக்கிவிட்டார்கள். நீயும் பெருமையாக விசிட்டிங் கார்டில் அடித்துக்கொண்டாய்.

அதன் பலனைக் கேள். நீ போன அன்று காலையில் நம் குழுவின் டிரம்ஸ் செல்வம் அழுதுகொண்டே ஓடி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து லிங்கராஜபுரம் முழுக்க ஒட்டினான். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் மைக், கீழே அந்த ஜூனியர் பட்டம். அவனுக்குத் தெரிந்த பேர் அதுதான், பாவம். கோலார் தங்கவயலிலிருந்து வந்த சித்தப்பா, அந்தப் போஸ்டருக்குக் கீழேயே நின்று, "ஆரோக்கியராஜ் தவறிட்டாராமே, வீடு எங்கப்பா?" என்று விசாரித்திருக்கிறார். "அப்படி யாரும் இல்லீங்களே, இங்க செத்தது பாட்டுக்காரரு" என்றாராம் ஆட்டோக்காரர்.

முப்பதாம் நாள் பூசையில் பங்குச் சாமியார் மைக்கில், "ஆரோக்கியராஜ் ஆன்மா இளைப்பாற" என்றார். மைக்கில் உன் பேரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரவில்லை அண்ணா, ஆத்திரம்தான் வந்தது. ஒரு பாட்டுக்காரன் பேரை மைக்கில் சொல்ல அவன் சாகணுமா?

உன்மேலும்தான் ஆத்திரம். நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "இந்த ப்ரோக்ராம விட்டா அடுத்ததுக்கு பஷீரக் கூப்புட்டுடுவாங்க லூர்து" என்றாய். பிரேசர் டவுன் பஷீர் பாய் அதே பாடகருக்கு இன்னொரு ஜூனியர். அவர் ஒரு ரேட் சொன்னால் நீ அதற்குக் கீழே. நீ இறங்கினால் அவர் இன்னும் கீழே. பத்து வருஷம் முகம் பார்த்துப் பேசவில்லை நீங்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் ரெண்டுபட்டதில் ஊருக்குத்தான் கொண்டாட்டம்.

சரி, சேதிக்கு வருகிறேன். பொங்கலுக்கு வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் நிகழ்ச்சி. திருச்சிக்காரர் ஒருவர், கார்த்திக் என்று பேர், அங்கே கமிட்டியில் இருக்கிறார். போனில் ரேட்டெல்லாம் பேசி முடித்தவர், நாங்கள் மைக் டெஸ்ட் பண்ணும்போது சிரித்த முகமாக வந்தார்.

"மேடம், ஸ்டேஜ் டெக்கரேஷன் பட்ஜெட்டத் தாண்டிடுச்சு. பேசினதுல பாதிதான் தர முடியும். ஆனா வீடியோ எடுத்து எங்க எல்லா குரூப்லயும் போடறோம். நல்ல எக்ஸ்போஷர் உங்களுக்கு."

"பூ கட்டினவருக்கும் சாப்பாடு போடறவருக்கும் பாதிதானா சார்?"

"அது எப்படிங்க? அவங்க வெண்டார்ஸ்."

"அப்ப நாங்க யாரு?"

"நீங்க ஆர்ட்டிஸ்ட் மேடம். நம்ம தமிழ் ஆளுங்க ஃபங்ஷன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

பக்கத்தில் நிகழ்ச்சியைத் தொகுக்கும் பெண் ஒரு தாளோடு நின்றாள். வாங்கிப் பார்த்தேன். நீ செத்த பிறகும் அதே ஜூனியர் பட்டம், பின்னால் 'குழுவினர்'. நான் 'ஃபீமேல் வாய்ஸ்'. பதினெட்டு வருஷமாக மேடையில் நிற்கிற எனக்கு அப்பா அம்மா பேர் வைக்கவில்லையா?

நீயாக இருந்தால், "பரவால்ல சார்" என்றிருப்பாய். நான் சொன்னேன்: "பேசின காசு முழுசா வரணும். எங்க ஆறு பேரு பேரும் மொதல் பாட்டுக்கு முன்னாடி மைக்ல வரணும். இல்லன்னா பாட்டு இல்ல."

செல்வம் என்னைத் தனியே இழுத்தான். "அக்கா, பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்க்கா. இந்தாளு எல்லா அபார்ட்மெண்டுக்கும் சொல்லிடுவான். வைட்ஃபீல்டே நமக்கு இல்லாம போயிடும்."

அவன் சொன்னது பொய்யில்லை. "நீ வேணா வாசிடா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா நான் பாடல" என்றேன். அவன் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "அடப்பாவிங்களா, என்னை 'ரிதம்'னு போட்ருக்காங்கக்கா" என்றான். பிறகு டிரம்ஸிலிருந்து சிம்பல் தட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் வந்து உட்காரும் நேரத்தில், அவர்கள் கண்முன்னாலேயே ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கி டெம்போவில் ஏற்றினோம். "போனா போகட்டும், இன்னொரு ட்ரூப் ஒரு மணி நேரத்துல வந்துடும்" என்று கார்த்திக் போனை எடுத்ததை நானே பார்த்தேன். யாரைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாதா?

மாரத்தஹள்ளி நெரிசலில் நிற்கும்போது என் போன் அடித்தது. பஷீர் பாய். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"லூர்து, வைட்ஃபீல்டுலருந்து கூப்ட்டாங்கமா. ராஜு குரூப் ஏன் போச்சுன்னு கேட்டேன், சொன்னாங்க. நான் வர முடியாதுன்னுட்டேன்."

"ஏன் பாய்?"

"ஏனா? நானும் ஒங்கண்ணனும் போட்டி போட்டு ரேட்டக் கொன்னுட்டோம்மா. அவன் சாவுக்குக்கூட நான் வரல. இதுவும் செய்யலன்னா நான் மனுஷனா? இனிமே நீ சொல்ற ரேட்டுதான் என் ரேட்டு. ஜூனியர் கீனியரும் வாணாம், எங்கப்பா வெச்ச பேரு போதும்."

டெம்போவில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நீ போன நாளிலிருந்து வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது. செல்வம் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லாம் சுபம் என்று நினைக்காதே. 'திமிர் பிடித்த குரூப்' என்று கார்த்திக்கின் வாய்ஸ் மெசேஜ் ஊரெல்லாம் சுற்றுகிறது. பேசிவைத்த இரண்டு நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போயின. செல்வத்தின் பெண்ணுக்கு ஃபீஸ் கட்ட என் கம்மல் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. காது மூளியாகத்தான் இருக்கிறேன், ஆனால் யாரையும் பார்த்துத் தலை குனியவில்லை.

நேற்று ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பேச வந்தார். ரேட்டைச் சொன்னேன். "இருங்க, பஷீர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று முறுக்கிக்கொண்டார். "தாராளமா கேளுங்க" என்றேன். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, "என்னாமா இது, அவரும் அதையேதான் சொல்றாரு! சரி, ஒங்க எல்லார் பேரையும் எழுதிக் குடுங்க, பேனர்ல போடணுமாமே" என்றார்.

கேட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று என் வாயை அடைத்துக்கொண்டே இருந்தாயே அண்ணா! கேட்டேன், கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் உன்னோடு போட்ட சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். தோற்றுப்போய் என் தலையில் ஒரு குட்டு வைக்கத்தான் நீ இல்லை.

இது சத்தியம்: பேசின கூலியைக் குறைக்கிற இடத்திலும், பேரைச் சொல்ல வாய் வராத இடத்திலும் இந்தத் தொண்டை திறக்காது. பசித்தாலும் திறக்காது.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பாடகி லூர்து மேரி