ஷாமினியின் மாணவர்கள்

குனோங் ராபாட்,
6.10.2025

அன்புத் தங்கை தினேஸ்வரிக்கு,

வாசலில் வேனை நிறுத்தியதுமே தர்மா ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறான். உன் தொழிற்சாலைப் பெண்களை எல்லாம் இருட்டுவதற்குள் வீட்டில் இறக்கிவிட வேண்டுமாம். அந்த அவசரத்தில் உன்னிடம் என்ன பேசுவது? கைப்பேசியில் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தவும் எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் வழக்கம்போல இதை ஷாமினியின் பையில், பால் புட்டிக்கு அடியில் வைக்கிறேன்.

உன் மகள் இன்று என்னையே அதட்டினாள். "பெரியம்மா, கை கட்டி உக்காருங்க லா" என்றாள். நானும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த வருடம் அவளுக்கு ஐந்து வயது. லகாட்டில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பாலர் பள்ளி இருக்கிறது. நீ வேலை முடிந்து வரும்வரை அவர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். போய்ப் பெயர் பதிந்துவிட்டு வா. இனியும் இவளை என் வீட்டு ஹாலில் அடைத்துவைப்பது நியாயமில்லை.

மங்குக் கிண்ணத்தில் கத்திரிக்காய் சம்பால் இருக்கிறது. பொட்டல மீ நூடுல்ஸைக் கிண்டித் தின்றுவிட்டுப் படுத்தாய் என்று தெரிந்தால் நடப்பதே வேறு.

உன் அக்கா,
புனிதா


லகாட்,
8.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பால் தேவாமிர்தம். மங்குக் கிண்ணத்தைக் கழுவிப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

பாலர் பள்ளிக்கு என்ன அவசரம் அக்கா? பால் புட்டி இல்லாமல் அவள் தூங்குவதில்லை. மலாயில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. புது ஆளைப் பார்த்தாலே என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். நீலாவையும் ராமுவையும் விட்டுவிட்டு எப்படிப் போவாள்? வீட்டுக்கு வந்தால் அவர்கள் பேச்சுதான். ராமு பாடம் எழுதவில்லையாம், நீலா ரொம்ப நல்ல பிள்ளையாம். சேர்ந்து விளையாடுகிற பிள்ளைகளைப் பிரிக்க மனது வரவில்லை. ஆறு வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தினேஸ்வரி


குனோங் ராபாட்,
13.10.2025

தினேஸ்,

என் வீட்டில் அவள் புட்டியை விட்டு மாதக்கணக்காகிறது. குவளையில்தான் குடிக்கிறாள். நீ தினமும் கழுவி அனுப்புகிற புட்டியை நான் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். மலாயில் தண்ணீர் கேட்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். "சிகு, நாக் ஆயேர்" என்று டீச்சரிடம் கேட்பதுபோல அவள் போடுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கிறது.

தீபாவளி கழித்து மாதக் கடைசிவரைதான் பெயர் பதிவார்களாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பயம் பிள்ளைக்கா, உனக்கா?

புனிதா


லகாட்,
28.10.2025

அக்கா,

எனக்குத்தான் பயம்.

தீபாவளிக்கு அவர் சிங்கப்பூரிலிருந்து வருவார் என்று மேசைக்குப் புதுத் துணி வாங்கி விரித்தேன். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டார். போன தீபாவளிக்கும் இதே ஓவர்டைம்தான். ஷாமினியும் நானும் முறுக்கு டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. நாங்களும் எங்கும் போகவில்லை.

வேலையில் நாள் முழுவதும் முகமூடி போட்டுக்கொண்டு கையுறைகளைச் சோதிக்கிறேன். அங்கே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாயங்காலம் உங்கள் வாசலில் நிற்கிற அந்த அரை நிமிடத்தில்தான் ஒரு ஆள் என்னைப் பார்த்து, "ஏன்டி முகம் வாடியிருக்கு?" என்று கேட்கிறது. ஷாமினியை லகாட்டில் சேர்த்துவிட்டால் உங்கள் வாசலில் நான் இறங்க என்ன காரணம் இருக்கிறது? அதனால்தான் இரவில் அவள் கேட்காவிட்டாலும் புட்டியைக் கொடுக்கிறேன். அவள் இன்னும் சின்னப் பிள்ளையாகவே இருக்கட்டும் என்று ஒரு ஆசை. தப்புதான். திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் போகச் சொல்லாதீர்கள்.

தினேஸ்வரி


குனோங் ராபாட்,
29.10.2025

என் கண்ணே தினேஸ்,

திட்டவில்லை. உட்கார்ந்து படி.

நீலா, ராமு எல்லாம் பிள்ளைகள் இல்லையடி. என் வீட்டுத் தலையணைகள். நீல உறை போட்டது நீலா. பஞ்சு கட்டிக்கட்டியாகப் போனது ராமு. நான் பார்த்துக்கொண்ட மற்றப் பிள்ளைகள் எல்லாம் நோன்புப் பெருநாளோடு போய்விட்டார்கள், புதிதாக யாரும் வரவில்லை. நீ வாசலோடு திரும்பிவிடுகிறவள், உனக்கு எப்படித் தெரியும்? நீ நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. உனக்கு இருக்கிற அதே பயம்தான் எனக்கும். மகன் ஜொகூரில் இருக்கிறான். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான்.

ஆனால் நேற்று அவள் ராமுவை இரண்டு அடி போட்டாள். அப்புறம் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நீ பதில் சொன்னா நான் அடிக்க மாட்டேன் லா." அடுப்படியில் நின்று கேட்ட எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம் இரண்டு பேருக்கும் துணை வேண்டும் என்று அந்தப் பிள்ளையைத் துணையில்லாமல் வைத்திருக்கிறோம். நாளைக்கு விடுப்பு எடு. போய்ப் பெயர் பதி.

அக்கா


லகாட்,
14.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

வைத்தனுப்பப் பை இல்லை. தர்மா அண்ணன் கையில் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவளை உள்ளே விட்டேன். அழுவாள் என்று கைக்குட்டை எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் எப்படி இருந்தது என்று கேட்டால், "அம்மா, நான் பேசினா அவங்களும் பேசுறாங்க" என்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரவு புட்டியை நீட்டினேன். வேண்டாமாம்.

நேற்று தர்மா அண்ணன் பழக்கதோஷத்தில் உங்கள் வாசலில் வேனை நிறுத்தி ஹார்ன் அடித்துவிட்டார். நீங்கள் கையில் மங்கோடு வந்து நின்றீர்கள். நான் பின் சீட்டில் இருந்தேன். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை. வேன் கிளம்பிவிட்டது. சந்து திரும்பும்வரை நீங்கள் அங்கேயே நின்றீர்கள் அக்கா.

தினேஸ்வரி


குனோங் ராபாட்,
15.1.2026

தினேஸ்,

ஹார்ன் கேட்டதும் கால் தானாக வாசலுக்குப் போய்விட்டது. மங்கில் இருந்தது நெத்திலி சம்பால். இரண்டு வேளையாக நானே சாப்பிட்டுத் தீர்த்தேன். மூன்று பேருக்குச் சமைத்த கைக்கு ஒருத்திக்கு அளவு தெரியவில்லை.

தலையணைகளை இன்னும் கட்டிலில் எடுத்துப் போடவில்லை. அவள் உட்காரவைத்த இடத்திலேயே, சுவரோரமாக வரிசையாக இருக்கின்றன. காலையில் பெருக்கும்போது அவளைப் போலவே பெயர் கூப்பிட்டுப் பார்த்தேன். நீலா என்றேன். ராமு என்றேன். ஷாமினி என்று கூப்பிட்டுவிட்டு, துடைப்பத்தோடு அப்படியே நின்றேன்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. காரணம் எல்லாம் தேடாதே. தர்மா வேனில் மட்டும் வராதே, ஹார்ன் அடிக்காத வண்டியாகப் பார்த்து வா. இத்தனை வருடத்தில் நீ ஒரு நாளாவது என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாயா?

உன் அக்கா,
புனிதா