மூன்றாவது கேசட்

காந்திபுரம்,
15.9.98

அன்புள்ள கோகிலாவுக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

கம்ப்யூட்டர் வகுப்புக்கு எழுதிய என் கோபோல் புரோகிராம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் காட்டிப் புலம்பினேன் அல்லவா? கடலை உரித்தபடியே பாட வீடியோ கேசட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நீ, "ஏனுங்க, நிறுத்தற வரிய சுத்துக்கு வெளிய எழுதிப்போட்டீங்க, பாருங்க" என்றாய். நேற்று சென்டரில் அப்படியே மாற்றினேன். நின்றுவிட்டது.

"யாருங்க கண்டுபிடிச்சது?" என்று சார் கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

பணம் கட்டிப் படிப்பவன் நான். கேசட்டை ஒரே தடவை பார்த்த உனக்கு மட்டும் எப்படிப் புரிந்தது? நேற்றிலிருந்து ஒரே வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை வருகிறேன். பருப்புப்பொடி அரைத்து வை. லாட்ஜ் தலையணையில் தூக்கம் வருவதில்லை, நம் வீட்டுத் தலையணை ஒன்றையும் எடுத்து வை.

மூன்றாவது கேசட் சென்டரில் கிடைக்கவில்லை என்று சொன்னேனே, அது பொய். அப்போதே என் பெட்டியில் இருந்தது. நீ என்னை முந்திவிடுவாயோ என்றுதான் ஒளித்து வைத்தேன். இந்த முறை கொண்டு வருகிறேன். நான் கை கால் கழுவிவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்காரும்வரை போட்டுவிடாதே.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

நாச்சிமுத்து